நடுவில் கோயில் இல்லாத திருத்தலம்

காஞ்சிபுரத்தையோ கும்பகோணத்தையோ பற்றி எழுதுபவருக்கு ஒரு வசதி உண்டு. நடுவே பெரிய கோயில், அதைச் சுற்றி மாடவீதிகள், தேர்நிலை, தெப்பக்குளம், மடங்கள் என்று எழுத வேண்டியதை ஊரே வரிசையாக எடுத்துக் கொடுத்துவிடும். தாம்பரமும் அதை ஒட்டிய சென்னையின் தென்புறமும் அப்படி உதவுவதில்லை. இங்கே ஊருக்கு நடு என்றால் ரயில்நிலையமும் ஜி.எஸ்.டி. சாலையும்தான். அதனால் 'இதெல்லாம் நேற்று முளைத்த நகர்கள், இங்கே என்ன பாரம்பரியம்?' என்று வந்து குடியேறியவர்களும் கேட்கிறார்கள், பிறந்து வளர்ந்தவர்களும் கேட்கிறார்கள்.

பரங்கிமலையில் தொடங்கி மேற்கே குன்றத்தூர், தெற்கே மணிமங்கலம் வரை ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது. அந்த வளைவுக்குள் முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரை, ஆழ்வார் பாடிய திவ்யதேசம், அப்போஸ்தலர் தோமாவின் பெயரால் வணங்கப்படும் மலை, பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர், தனித்தமிழ் இயக்கம் பிறந்த வீடு, உலகக் கிறித்தவ இறையியலில் ஒரு விவாதத்தின் பெயராகவே ஆகிவிட்ட கல்லூரி வளாகம் எல்லாம் அடங்கும். இது ஒரே கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் இல்லை. குன்றுக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று என்று சிதறிக் கிடக்கும் திருத்தலம். இவற்றில் எது தங்கியது, எது போனது, ஏன் என்பதுதான் கேள்வி. மக்கள் புழங்கிய இடம் தங்கியது, புழங்காத இடம் போனது என்பது என் கணிப்பு. ஆனால் தங்கிய எதையும் அந்தப் புழக்கம் பழையபடி விட்டுவைக்கவில்லை.

கல்லிலிருந்து தொடங்குவதே முறை. பரங்கிமலையும் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளும் சார்னோக்கைட் என்ற கடினமான கருங்கல்லால் ஆனவை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடந்த கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். அந்தக் கல் இந்தப் பக்கத்துக் குன்றுகளிலிருந்தே போயிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. இந்தக் குன்றுகளின் அடிவாரத்தில்தான், பல்லாவரம் ராணுவக் குடியிருப்பின் அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைக் குழியில், 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்களைப் பற்றிய ஆய்வு அன்றுதான் தொடங்கியது. 1880களில் அலெக்சாண்டர் ரீ இதே வட்டாரத்தில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டி எடுத்தார். கல்வட்டம் அமைத்து, தாழியும் பேழையும் புதைத்து இறந்தோரை அனுப்பிவைத்த மக்கள் இங்கே இருந்தார்கள். இந்த மண்ணின் ஆன்மிக வரலாற்றை எந்தக் கோயிலிலிருந்தும் தொடங்காமல் அந்தப் புதைகுழிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை இன்று வீட்டு மனைகளுக்கு அடியில் இருக்கின்றன.

பல்லாவரம் குடைவரையின் கதை வேறு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் தொடங்கி மாமண்டூர், மகேந்திரவாடி, சீயமங்கலம் என்று பாறைகளைக் குடைந்தபோது இந்தக் குன்றையும் விடவில்லை. கனத்த சதுரத் தூண்கள், நடுவில் எட்டுப் பட்டையாகச் செதுக்கிய கட்டு, பின்சுவரில் ஐந்து கருவறைகள், அரசனின் பட்டப்பெயர்களை வரிசையாகப் பொறித்த கல்வெட்டு என்று எல்லாம் அவனுடைய பாணிதான். மக்கள் அதைப் பஞ்சபாண்டவர் மலை என்றார்கள். யார் குடைந்தது என்று தெரியாத குகை எல்லாவற்றையும் பாண்டவர் கணக்கில் எழுதுவது நம் வழக்கம். பிறகு அது தர்கா ஆனது. இன்றைக்கும் தர்காதான். கல்வெட்டு ஆய்வாளர்கள் அங்கே பூசப்பட்ட சுண்ணாம்பையும் வண்ணத்தையும் பார்த்து வருந்துவார்கள், வருத்தம் நியாயமே. ஆனால் பூட்டிய இரும்புக் கதவும் நீலப் பலகையுமாக, வௌவால் நாற்றத்தோடு நிற்கும் எத்தனையோ குடைவரைகளைப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் புரியும். பல்லாவரத்தில் ஊதுவத்தி மணக்கிறது, விளக்கு எரிகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வரும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. சுற்றியிருந்த குன்றுகளை ஜல்லிக்கு உடைத்துத் தீர்த்த காலத்தில், இந்தப் பாறையில் உளி விழாமல் இருந்ததற்கு அங்கே நடந்த வழிபாடும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

மகேந்திரவர்மன் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தான் என்ற கதை நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? அரசனின் பெயரைச் சொல்லாமல், திருநாவுக்கரசரின் வரலாற்றில் பல்லவன் ஒருவன் மனம் மாறியதாகப் பெரியபுராணம் பேசுகிறது. அறிஞர்கள் அவனை மகேந்திரவர்மன் என்று அடையாளம் காண்கிறார்கள். அந்தப் புராணத்தை 12ஆம் நூற்றாண்டில் பாடியவர், இந்தக் குடைவரையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள குன்றத்தூர்க்காரர். இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்த சேக்கிழார், சோழநாட்டுத் திருநாகேசுவரத்தின் மேல் கொண்ட பற்றினால் அதே பெயரில் தம் ஊரிலும் ஒரு கோயில் எடுப்பித்தார். வடநாகேசுவரம் என்று வழங்கும் அது இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. குன்றத்தூர் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது மலைமேல் இருக்கும் முருகன்தான். கார்த்திகையும் சஷ்டியும் வந்தால் படிகளில் இடம் கிடைக்காது. சேக்கிழாருக்கு அந்தக் கூட்டம் இல்லை. தமிழ்ச் சைவத்தின் வரலாற்று நினைவையே கட்டித் தந்தவருக்குச் சொந்த ஊரில் கிடைக்கும் கவனம் போதாது என்பேன்.

திருநீர்மலைக்கு வருவோம். நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பாடிய தலம். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் அமர்ந்த கோலம், ரங்கநாதர் பள்ளிகொண்ட கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நான்கையும் ஒரே தலத்தில் சேவிக்கலாம் என்பதே இதன் பெருமை. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். வடியும் வரை ஆறு மாதம் எதிரே தங்கிக் காத்திருந்து சேவித்தாராம். இதைத் தலபுராணம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அடையாற்றையும் அதைச் சுற்றிய ஏரிகளையும் வரைபடத்தில் பார்த்தால் மலையைச் சுற்றி நீர் நின்றது நம்பக்கூடியதே. இன்று இந்த மலையைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்தது சினிமாவால். வீட்டை எதிர்த்துத் தாலி கட்டும் காதலர்களுக்குத் தமிழ்ப் படங்கள் காட்டிய இடம் இது. முகூர்த்த நாளில் நிஜத்திலும் கல்யாண வீட்டார் கூட்டம் அலைமோதுகிறது. பக்திக்கு இது இழுக்கு என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு பேர் வாழ்க்கையைத் தொடங்க வரும் கோயிலுக்கு ஆள் வரத்து குறையாது.

இந்த வட்டாரத்துச் சிவன் கோயில்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர், சோமங்கலம் சோமநாதேசுவரர், மணிமங்கலம் தர்மேசுவரர் ஆகிய கோயில்களின் விமானங்கள் படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல வளைந்தவை. தூங்கானை மாடம் என்று தமிழிலும் கஜபிருஷ்டம் என்று வடமொழியிலும் சொல்லும் இந்த வடிவம் தொண்டைநாட்டில் அடர்த்தியாகக் கிடைக்கிறது. தஞ்சைப் பக்கத்து உயரமான விமானங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை குட்டையாகத் தெரியலாம். வளைவைச் சுற்றி நடந்து பார்த்தால்தான் அருமை புரியும். மாடம்பாக்கத்துக் கதை கபில முனிவர் பசுவாகப் பிறந்து சிவனை வழிபட்டது. லிங்கத்தில் குளம்படித் தழும்பு காட்டுவார்கள். அருணகிரிநாதர் பாடிய ஊர். கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, பூசையும் தடையின்றி நடக்கிறது.

மணிமங்கலம் இன்று முடிச்சூரைத் தாண்டிய ஓர் அமைதியான ஊர். நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இதைக் குறிப்பிடுகிறது. இங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகியோரின் நீண்ட மெய்க்கீர்த்திகள் உள்ளன. சோழர் சாளுக்கியப் போர்களின் வரலாற்றை எழுதியவர்கள் இந்தச் சுவர்களைப் படிக்காமல் எழுதியதில்லை. மணிமங்கலத்து ஏரி, ஆதனூர், மலைப்பட்டுப் பக்கத்து ஏரிகள் எல்லாம் சேர்ந்துதான் அடையாறு உருவாகிறது. தொண்டைநாட்டில் கோயிலும் ஏரியும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு கைகள். ஏரிக்கரையைக் காப்பது, மதகைப் பழுதுபார்ப்பது, அதற்குப் பொன் ஒதுக்குவது எல்லாம் ஊர்ச்சபையின் வேலையாகக் கோயில் சுவர்களில் எழுதப்பட்டன. கோயிலை மட்டும் பாரம்பரியம் என்று வைத்துக்கொண்டு ஏரியைக் காலி இடம் என்று கணக்குப் போட்டதன் விலையை 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் கொடுத்தன. பல்லாவரம் பெரிய ஏரியின் குறுக்கே துரைப்பாக்கம் சாலை போனதும் இதே கணக்குத்தான்.

திரிசூலத்துக்கு இவ்வளவு இடம் தேவையில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. விமான நிலையத்துக்கு எதிரே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டுகளோடு ஒரு சோழர் கோயில் இருப்பது விமானம் ஏறப் போகிற பலருக்குத் தெரியாது. நான்கு குன்றுகளுக்கு நடுவில் இருப்பதால் அவற்றை நான்கு வேதங்கள் என்பார்கள். குவாரிக்காரர்கள் அந்த வேதங்களில் சில அத்தியாயங்களைக் கிழித்துவிட்டார்கள்.

பரங்கிமலையில் நின்று யோசிக்க நிறைய இருக்கிறது. இயேசுவின் சீடரான தோமா கி.பி. 52இல் மலபார்க் கரையில் இறங்கி, 72இல் இந்த மலையில் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் இதை உறுதிசெய்ய முடியாது என்பார்கள். நம்புகிறவர்களுக்கு அந்த உறுதி தேவைப்படவும் இல்லை. கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று ஒன்று இருக்கிறது. போர்ச்சுகீசியர் 1523இல் இங்கே கோயில் எழுப்பினார்கள். 1547இல் அங்கே தோண்டியபோது பாறையில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றி இருந்த எழுத்து பாரசீகத்தின் பஹ்லவி. அதாவது, போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத் தொடர்புள்ள கிறித்தவர்கள் இந்தக் குன்றில் வழிபட்டிருக்கிறார்கள். 'பரங்கியர் கொண்டுவந்த மதம்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்தச் சிலுவையை ஒருமுறை பார்க்கலாம். 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கையில் அதிலிருந்து ரத்தம் வியர்த்தது என்றும், 1704 வரை அவ்வப்போது அது நிகழ்ந்தது என்றும் ஆலய மரபு கூறுகிறது.

மலைக்கு ஏறும் படிகளைக் கட்டித் தந்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். யாத்திரீகர்கள் அடையாற்றைக் கடக்க 1726இல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தையும் கட்டினார். அவர் நட்ட கல் இன்னும் அங்கே நிற்கிறது. பழைய பாலம் போய் அதே இடத்தில் வந்த புதுப் பாலத்துக்குப் பெயர் மறைமலையடிகள் பாலம்: ஆர்மீனியக் கிறித்தவர் பக்தியால் கட்டிய வழி, பல்லாவரத்துச் சைவரின் பெயரைத் தாங்குகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. இதே மலையடிவாரத்தில் 1802இல் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து இந்தியாவை அளக்கும் பெரும் பணியைத் தொடங்கியதையும், 1986இல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்ததையும் சொல்லிவிட்டு நகரலாம்.

மறைமலையடிகள் பெயர் வந்துவிட்டது. 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், வேலையை விட்டுப் பல்லாவரத்துக்குக் குடிவந்து துறவு பூண்டார். அங்கே அவர் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பின்னாளில் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. 1916இல் வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டு தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது இந்தப் பல்லாவரத்து வீட்டில்தான். மகள் நீலாம்பிகை அதில் உடன் நின்றார். 1950இல் இறக்கும் வரை அடிகள் அங்கேயே இருந்தார். தனித்தமிழை மொழி அரசியலாக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அடிகளுக்கு அது சைவத்தின் தொடர்ச்சி, வள்ளலாரின் தொடர்ச்சி. தவத்துக்கு மலையடிவாரம் தேடி வந்தவர்தான் அவர்.

அவர் விட்டுவந்த கல்லூரியே பிறகு அவர் இருந்த பக்கம் வந்தது. கடற்கரை தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. பாரிமுனையில் நெருக்கடியில் இருந்த கிறித்தவக் கல்லூரி 1937இல் சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அங்கே உலகக் கிறித்தவ மிஷன் மாநாடு கூடியது. சீனாவில் நடக்க வேண்டிய கூட்டம். ஜப்பானியப் படையெடுப்பால் தாம்பரத்துக்கு வந்தது. 69 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். பிற மதங்களில் உண்மையான இறையனுபவம் இருக்கிறதா என்பதுதான் விவாதத்தின் நெருப்பு. டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்றார். இந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஏ.ஜி. ஹாக் அதை ஏற்கவில்லை. சென்னையில் பல பத்தாண்டுகள் இந்து மாணவர்களோடு பழகியவர், அவர்களிடம் மெய்யான நம்பிக்கையைக் கண்டேன் என்ற நிலையில் நின்றார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் எஸ். ராதாகிருஷ்ணன். இந்தியக் கிறித்தவர்களான பி. செஞ்சையா, வி. சக்கரை போன்றோர் கிரேமருக்குத் தங்கள் நூலாலேயே பதில் சொன்னார்கள். இன்றும் உலகின் எந்த இறையியல் பள்ளியிலும் 'தாம்பரம்' என்றால் ரயில் சந்திப்பு நினைவுக்கு வராது, இந்த விவாதம்தான் நினைவுக்கு வரும். தாம்பரத்தில் பிளாட்பாரம் மாறி ஓடுகிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கேனும் சொல்லலாம்.

ஆன்மிகச் சந்தையைப் பற்றியும் பேசியாக வேண்டும். கொளப்பாக்கம் சூரியன், சோமங்கலம் சந்திரன், பூந்தமல்லி செவ்வாய், கோவூர் புதன், போரூர் குரு, மாங்காடு சுக்கிரன், பொழிச்சலூர் சனி, குன்றத்தூர் ராகு, கெருகம்பாக்கம் கேது என்று 'தொண்டைநாட்டு நவக்கிரகத் தலங்கள்' ஒரே நாளில் வேனில் சுற்றிவரக் கிடைக்கின்றன. கோயில்கள் பழையவை, கும்பகோணத்துச் சுற்றைப் பார்த்து இங்கே போட்ட இந்தச் சுற்று அண்மைக்காலத்தது. இதனால் நன்மையும் உண்டு: விளக்கேற்ற எண்ணெய் இல்லாமல் கிடந்த கோயில்களுக்கு வருமானம் வந்தது. இழப்பும் உண்டு. கோவூர் சுந்தரேசுவரர் மேல் தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் கோவூர்ப் பஞ்சரத்தினம் என்று கச்சேரி மேடைகளில் புகழ்பெற்றவை. ஊர்ப் பிரமுகர் சுந்தர முதலியாரின் அழைப்பில் வந்தபோது பாடியவை. அந்தப் பெருமையைத் தள்ளிவிட்டு, 'புதன் தோஷமா, கோவூர் போங்க' என்பதே இன்று முதலில் காதில் விழுகிறது.

குடியேறியவர்கள் புதிதாக உண்டாக்கியதையும் குறைத்து மதிப்பிட முடியாது. 1995இல் குடமுழுக்கு கண்ட நங்கநல்லூரின் 32 அடி ஆஞ்சநேயர், சேலையூர் ஸ்கந்தாசிரமம், தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் எல்லாம் இந்த வகை. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நல்ல காற்றைத் தேடி வந்து மருத்துவமனை தொடங்கிய இடம் அந்தச் சானடோரியம். நகர்களுக்கு நடுவே பழைய கிராமங்களின் எல்லையம்மன்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்தும் தூக்குவாளியோடு ஆள் வருகிறது.

2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை உள்ளிட்ட ஊர்களைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இங்கே சொன்ன இடங்களில் பல இப்போது ஒரே உள்ளாட்சியின் கீழ் இருக்கின்றன. ஆனால் கோயில்கள் அறநிலையத்துறையிடம், சில தொல்லியல் துறையிடம், மலை மறைமாவட்டத்திடம், ஏரி நீர்வளத் துறையிடம் என்று பொறுப்பு பிரிந்துதான் கிடக்கிறது. இவற்றில் மிகவும் அநாதையானவை ஈமக்காடுகள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்று 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. பழைய பல்லாவரத்தில் இதனால் வீட்டை இடித்துக் கட்ட முடியாமல் தவிப்பவர்களின் கோபம் பெரியது. அவர்கள் காக்கச் சொல்லப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அகழ்ந்தெடுத்த பேழைகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அவற்றின் படத்தையும், 1863இல் கிடைத்த கற்கருவியின் படத்தையும், எந்தத் தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற வரைபடத்தையும் வைக்க மாநகராட்சிக்குப் பல்லாவரத்தில் ஒரே ஓர் அறை போதும். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு எப்படியும் ஊரே வருகிறது. சந்தைக்குப் பக்கத்தில் அந்த அறை இருந்தால் நல்லது.